அவர்கள் இரண்டாம் தடவை பார்த்த படம்

என் தங்கைக்குக் கல்யாணமான பிறகு எனக்கு வந்த பொறாமையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினால் அவள் படிப்பாளே என்று தள்ளிப்போட்டேன். போன மாதம் அவளிடமே சொன்னேன். "எழுது, ஆனா யார் பேரையும் போடாத" என்றாள். அதனால் இதில் யாருக்கும் பேர் இல்லை.

நான் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் கடற்கரை ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். வேலை என்றால் பார்ப்பதுதான். ஒரு மூடியில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் கண்ணில் பட வேண்டும். பதினான்கு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற ஒரு கர்வம் எனக்கு வந்துவிட்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முத்தியால்பேட்டையில் அம்மாவோடு இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் சில படங்களுக்கு "கிறுக்குப் படம்" என்று பேர். அம்மா வைத்த பேர். முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும் படங்கள் அவை. காட்சிகளைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். யார் சொல்வது நிஜம் என்று தெரியாது. கடைசி நிமிஷத்தில் அதுவரை பார்த்ததெல்லாம் தலைகீழாகும். முதல் வேலை கிடைத்ததும் நான் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். அதில் நானும் தங்கையும் முதன்முதலாகப் பார்த்தது அப்படி ஒரு படம். முடிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இல்ல. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

"அப்ப மறுபடியும் போடு" என்றாள்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. எனக்கு இருபத்து மூன்று. அன்றிலிருந்து அவள் கல்யாணம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் எங்களுக்குக் கிறுக்குப் படம். மெல்ல மெல்லச் சில விதிகள் வந்தன. முதல் தடவை பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது. இரண்டாம் தடவை நோட்டுப் புத்தகத்தோடு. அவள் கை ஸ்பேஸ் பாரின் மேல் இருக்கும், நான் எழுதுவேன். சுவரில் கடிகாரம் என்ன மணி காட்டுகிறது, யார் கையில் எந்தப் பை, எந்த விளக்கு எரிகிறது. மூன்றாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு வெறும் படத்தை மட்டும் பார்ப்போம். அது அவள் யோசனை. "சத்தம் இருந்தா அவங்க சொல்றத நம்பிடுறோம்ணா" என்பாள்.

இரண்டாம் தடவைதான் எங்களுக்கு உயிர். முதல் தடவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முடிவு தெரிந்த பிறகும் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க பாரு, இந்த ஆளு அப்பவே பொய் சொல்லியிருக்கான்" என்று கையைப் பிடித்து உலுக்குவது எல்லோருக்கும் கிடைக்காது. எனக்குக் கிடைத்திருந்தது.

டிகிரி முடித்துவிட்டு அவள் தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் பக்கம், படகு இன்ஜின்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கேஸ்கட் வாங்க வந்த மெக்கானிக் ஒருவரைத்தான் கட்டிக்கொண்டாள். அவர் மீன்பிடிக் குடும்பம். நாங்கள் பாகூர் பக்கம் பயிர் வைத்த குடும்பம். "நமக்கும் கடலுக்கும் என்னாடி சம்மந்தம்?" என்று அம்மா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. நான்தான் நடுவில் நின்று பேசினேன். பையன் குடிக்க மாட்டான், கை சுத்தம், தங்கச்சி இஷ்டம் முக்கியம் என்று அம்மாவிடம் மல்லுக்கட்டிக் கல்யாணத்தை நடத்தி வைத்தேன். இதைச் சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது, ஆரம்பத்திலிருந்தே அந்த மனுஷனைப் பிடிக்காதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அரியாங்குப்பத்தில் வாடகை வீடு எடுத்தார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பைக்கில் கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பென் டிரைவோடு நான் அங்கே போக ஆரம்பித்தேன். லேப்டாப்புக்குப் பதில் இப்போது டிவி. மாப்பிள்ளை முதல் படத்தில் இருபதாவது நிமிஷமே தூங்கிவிட்டார். இரண்டாவது படத்தில் அரை மணி நேரம் தாங்கினார். அவர் தலை சாயும்போது என் மனசுக்குள் ஒரு குளுமை. தங்கை என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பாள். பழைய மாதிரியே ஆகிவிடும்.

பிறகு அந்தப் படம் வந்தது.

எங்கேயோ குளிர் தேசத்தில் ஒரு மீனவர் ஊர். கடலுக்குப் போன ஒருவன் திரும்பி வரவில்லை. அவன் மனைவி கரையோரத்தில் ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறாள். ஒரு நாள் அவள் புருஷனைப் போலவே இருக்கும் ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவன் புருஷன்தானா, வேறு ஆளா என்பது கதை. நாற்பது காட்சிகள் இருக்கும், ஒன்றுகூட வரிசையில் இருக்காது. நடுவில் ஒரு காட்சியில் அவள் சமையலறையில் உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் படிக்கிறாள். புருஷன் உடம்பு கரை ஒதுங்கியது என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதம் எப்போது வந்தது என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை.

முதல் தடவை மூவரும் சேர்ந்து பார்த்தோம். ஆச்சரியம், அன்றைக்கு மாப்பிள்ளை தூங்கவே இல்லை. முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்தார். "அடுத்த ஞாயிறு நோட்டு எடுத்துனு வா" என்றாள் தங்கை.

அடுத்த ஞாயிறு கம்பெனியில் ஆடிட் வேலை. அதற்கடுத்த ஞாயிறும். அந்த இரண்டு வாரத்தில் நான் தனியாக அந்தப் படத்தை ஐந்து தடவை பார்த்தேன். வந்தவனின் தாடி வளர்ந்திருக்கும் அளவையும் ஜன்னல் திரையின் நிறத்தையும் வைத்து நாற்பது காட்சிகளையும் வரிசைப்படுத்தினேன். கடிதம் கடைசியில் வருகிறது, அதுவரை அந்தப் பெண் ஏமாந்திருக்கிறாள் என்பது என் முடிவு. மூன்றாவது ஞாயிறு நோட்டை சட்டைக்குள் செருகிக்கொண்டு, தங்கையிடம் எதையும் சொல்லாமல் அவளாகக் கண்டுபிடிக்க விட வேண்டும், தடுமாறினால் மட்டும் கை கொடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டபடி பாலத்தைத் தாண்டினேன்.

"போடலாமா?" என்றேன்.

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "ண்ணா, நாங்க பாத்துட்டோம்."

"என்ன பாத்துட்டீங்க?"

"ரெண்டாவது தடவ. வியாழக்கெழம காத்து ஜாஸ்தின்னு யாரும் கடலுக்குப் போல. இவருக்கும் வேல இல்ல. சும்மா போட்டோம், அப்படியே முழுசும் பாத்துட்டோம்."

"நோட்டு?"

"நோட்டெல்லாம் எதுக்கு, சும்மா பேசினே பாத்தோம். ண்ணா, இவரு ஒண்ணு கண்டுபுடிச்சாரு பாரு! நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "அது ஒண்ணும் இல்ல மச்சான். லாட்ஜுக்குப் பின்னாடி கரையில ஒரு போட்டு கெடக்குது இல்ல? எல்லா சீன்லயும் ஜன்னல் வழியா தெரியும்."

எனக்கு அப்படி ஒரு படகே ஞாபகம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"கொஞ்ச சீன்ல அதோட அடியில பாசியும் சிப்பியும் அப்படியே ஒட்டினு இருக்குது. கொஞ்ச சீன்ல பாதி சொரண்டியிருக்கு. அப்புறம் பட்டி பாத்து வெச்சிருக்காங்க. அப்புறம் நீல பெயின்ட்டு. போட்டக் கரையேத்தினா இந்த வரிசைலதான் வேல நடக்கும், மாத்தி நடக்காது. அந்தக் கடுதாசி படிக்கிறாங்க பாருங்க, அப்ப ஜன்னல்ல போட்டு பாசியோட கெடக்குது. அந்த ஆளு வந்து கதவத் தட்டும்போது பெயின்ட் அடிச்சு முடிச்சிட்டாங்க."

தங்கை என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அப்படின்னா என்னா அர்த்தம் சொல்லு! அவளுக்கு மொதல்லயே தெரியும்ணா! புருஷன் செத்துட்டான்னு தெரிஞ்சுதான் அந்த ஆள உள்ள வுட்டிருக்கா!"

அதே கை, அதே உலுக்கல். ஆனால் சொல்கிற விஷயம் வேறொருத்தருடையது.

"பின்னணிக்குச் சும்மா ஒரு படகைப் போட்டிருப்பாங்க. அதப்போய் கணக்குல எடுத்துக்க முடியாது" என்றேன்.

"இருக்கும் மச்சான்" என்று மாப்பிள்ளை உடனே ஒத்துக்கொண்டார். அவர் வாதாடியிருந்தால்கூடப் பரவாயில்லை. சட்டைக்குள் இருந்த நோட்டை நான் வெளியே எடுக்கவே இல்லை. அன்று தங்கை சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிக் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். வயிறு எரிந்தது உண்மைதான்.

மறுநாள் காலையில் ஷிப்டுக்குப் போகும் முன் படத்தை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாற்பது காட்சியிலும் படகு இருந்தது. பாசி, சுரண்டல், பட்டி, நீலம். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. தாடியை வைத்து நான் போட்ட வரிசை பாதிக்கு மேல் தப்பு. அன்று கம்பெனியில் மூடிகளைப் பார்க்கும்போது எனக்கு என் கண் மேலேயே கோபமாக வந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அவர் கண்டுபிடித்தது என்னைக் குத்தியதைவிட அவர்கள் இருவரும் இரண்டாம் தடவை பார்த்ததுதான் அதிகமாகக் குத்தியது. வேலை செய்யும்போதெல்லாம் அந்த வியாழக்கிழமை மதியம் கண் முன்னால் வந்தது. அவள் கை ஸ்பேஸ் பாரில் இருந்திருக்காது, ரிமோட்டில் இருந்திருக்கும். "இங்க நிறுத்து" என்று அவர் சொல்லியிருப்பார். அவள் நிறுத்தியிருப்பாள். எத்தனை இடத்தில் நிறுத்தினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்றெல்லாம் யோசித்தேன். கூடப் பிறந்த தங்கையின் புருஷன் மேல் இப்படி ஒரு பொறாமை வரலாமா என்று யாரிடமும் கேட்க முடியாது.

டவுனில் ஒரு சினிமா வட்டம் உண்டு. பிரெஞ்சு கற்றுக்கொடுத்து ரிட்டயர் ஆன ஒரு அம்மா தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருபது பேர் கூடுவோம். ஒருவர் ஒரு படத்தைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இரண்டு வருஷமாக நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்பவன். அந்த மாதம்தான் முதன்முதலாக எனக்குப் பேச வாய்ப்பு வந்தது. எந்தப் படம் என்பதை நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். கடல், லாட்ஜ், கடிதம்.

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. படகு தெரியும் காட்சிகளை எல்லாம் தனித்தனியாகப் படம் பிடித்து, ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரின்ட் எடுத்து, வரிசையாக எண் போட்டுக் கொண்டுபோனேன். மதாம் வீட்டுச் சுவரில் அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டி, "இந்தப் படகைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தேன். கடைசியாகக் கடிதக் காட்சியை எடுத்து முதல் இடத்தில் ஒட்டியபோது மாடியில் ஒரு சத்தம் எழுந்தது. "அய்யோ" என்றார் ஒருவர். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு மாணவி தன் போனில் அதை வீடியோ எடுத்தாள்.

"பிராவோ!" என்றார் மதாம். "எத்தனாவது தடவை பாக்கும்போது இது ஒங்க கண்ணுல பட்டுது?"

"ஆறாவது தடவை மதாம்" என்றேன்.

சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை.

அந்த மாணவி வீடியோவை எனக்கு அனுப்பினாள். நான் அதை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். வைக்கும்போது, தங்கைக்கு மட்டும் தெரியாதபடி அவள் நம்பரை மறைத்தேன். மாப்பிள்ளை நம்பர் நினைவுக்கே வரவில்லை. அவர் பார்ப்பார், பார்த்தாலும் புரியும் என்று நான் அவரை ஒரு ஆளாகவே எண்ணியிருக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன். பின்னால் துறைமுகத்துச் சத்தம். ஏலம் போய்க்கொண்டிருந்தது.

"மச்சான்! சூப்பரு மச்சான்! நம்ம போட்டு மேட்டரப் பேசிட்டீங்களே! என்னா கைத்தட்டு! இங்க எல்லாத்துக்கும் காமிச்சேன். என் மச்சான் பேசறாரு பாருன்னு."

அவர் குரலில் துளிகூடக் குத்தல் இல்லை. நிஜமாகவே சந்தோஷம். நான் "ம்... ம்..." என்றேன்.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். வீடியோவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "ண்ணா, அவருக்கு வந்த ஸ்டேட்டஸு எனக்கு ஏன் வரல?" என்று மட்டும் கேட்டாள். உடனே வைத்துவிட்டாள்.

மூன்று ஞாயிறு நான் அரியாங்குப்பம் போகவில்லை. நாலாவது ஞாயிறு அம்மா கொடுத்த முறுக்கு டப்பாவைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை ஒரு இன்ஜின் வேலையாக வெளியே போயிருந்தார். தங்கை சாப்பாடு போட்டாள். டிவியில் ஏதோ சீரியல் ஓடியது. அவள் சீரியல் பார்க்கிறவளே இல்லை. அதை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்குத் தண்டனையாக இருந்தது.

"எதுனா பேசு" என்றேன்.

"'இத எங்க மாப்பிள்ள சொன்னாரு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒனக்கு என்னா கொறஞ்சிருக்கும்?"

"அவரே ஒண்ணும் நெனைக்கல. நீ ஏன் பெருசு பண்ற?"

"அவரு நெனைக்க மாட்டாரு. அதனாலதான் எனக்கு உறுத்துது. மச்சான் பேசறாருன்னு ஊரெல்லாம் காமிச்சினு திரியறாரு. ஒனக்குக் கொஞ்சம்கூடக் கூசலயா?"

அப்போதுதான், அத்தனை நாளாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. "நீ ஏன் நான் இல்லாம ரெண்டாவது தடவ பாத்த?"

சொன்னதும் எனக்கே சின்னப் பிள்ளை பேச்சாகத் தெரிந்தது. அவள் டிவியை அணைத்தாள்.

"நீ தனியா எத்தன தடவ பாத்த?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. "அஞ்சு" என்றேன்.

"அது கணக்குல வராதா?"

நான் பார்த்தது தனியாக என்பதால் துரோகம் ஆகாது, அவள் இன்னொருத்தரோடு பார்த்ததால் துரோகம் ஆகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து, சொல்லாமல் எழுந்து கை கழுவினேன்.

அவள் பின்னாலேயே வந்து நின்றாள். "எனக்கும் அவருக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போவுது. அவருக்கு இன்ஜினு, எனக்குப் படம். ரெண்டு பேரும் ஒக்காந்து பேச ஒண்ணுமே இருக்காது. அன்னைக்குத்தான் மொதமொதலா மூணு மணி நேரம் பேசினோம். நீ சந்தோஷப்படுவேன்னு அத ஒன்கிட்ட சொல்லத்தான் காத்துனு இருந்தேன்" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போனேன். அவர் வரவே மாட்டேன் என்றார். "எனக்கு என்னா தெரியும் மச்சான் அங்க வந்து?" தங்கை ஒரு நல்ல சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மதாம் வழக்கம்போல ஆரம்பிக்கும் முன்பே நான் எழுந்தேன். "போன மாசம் நான் சொன்ன படகு விஷயம் நான் கண்டுபிடிச்சதில்ல. இவரு கண்டுபிடிச்சது. எங்க தங்கச்சி வீட்டுக்காரர். ஆறாவது தடவையும் இல்ல, இவரு ரெண்டாவது தடவையிலயே பாத்துட்டாரு. நான் சொல்லாம விட்டது தப்பு" என்றேன்.

இதைச் சொல்லிவிட்டு நான் எதிர்பார்த்ததையும் இங்கே எழுதத்தான் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று யாராவது ஒருவர் சொல்வார், நான் தலை குனிந்து நிற்பேன் என்று பைக்கில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இருபது தலையும் அவர் பக்கம் திரும்பின. "முசியே, இங்க முன்னாடி வந்து ஒக்காருங்க" என்று மதாம் தன் பிரம்பு நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். பாசி எத்தனை நாளில் பிடிக்கும், பட்டி காய எத்தனை நாள் ஆகும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். போன மாதம் என்னை வீடியோ எடுத்த மாணவி இப்போது அவரை எடுத்தாள். நான் பின்வரிசையில் நின்றேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். உண்மையைச் சொன்ன அந்த நிமிஷத்தில்கூட வயிறு எரிந்தது.

கடைசியில் மதாம் கேட்டார். "அந்தப் பொண்ணுக்குப் புருஷன் செத்தது முன்னாடியே தெரியும்னு நீங்க நிரூபிச்சிட்டீங்க. அப்புறம் ஏன் அவ அந்த ஆளை உள்ள விட்டா?"

மாப்பிள்ளை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அது எனக்குத் தெரியாதுங்க. எனக்குப் படம் பாதி புரியல. போட்டு மட்டுந்தான் புரிஞ்சுது" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எங்க சித்தப்பா கடலுக்குப் போனவரு வரல. ஒடம்பு கெடச்சு, காரியமெல்லாம் பண்ணி முடிச்சாச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் எங்க சித்தி கதவுக்குத் தாப்பா போடல. தெரியாமலா? தெரியும். ஆனா போடல. அந்த மாதிரி இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் தனியாக ஐந்து தடவை பார்த்தவன். தாடியை அளந்தேன், திரையின் நிறத்தை எழுதினேன், அவள் ஏமாந்தாளா ஏமாறவில்லையா என்று தீர்ப்பு எழுதினேன். அவள் ஏன் கதவைத் திறந்தாள் என்ற கேள்வி எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அந்த மாடியில் நின்றபோது அவர் மேல் இருந்த பொறாமை அப்படியேதான் இருந்தது. அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து நின்றது. அவளுக்கு நல்ல புருஷன் கிடைத்திருக்கிறான் என்ற நினைப்பு. அம்மாவிடம் மல்லுக்கட்டியபோது நான் வாய்க்கு வந்தபடி சொன்னது நிஜம் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

திரும்பி வரும்போது பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாலத்தின் மேல் காற்று அடித்தது. "மச்சான், இனிமே என்ன இங்கல்லாம் கூப்புடாதீங்க" என்றார்.

"ஏன், புடிக்கலயா?"

"நல்ல மனுஷங்கதான். ஆனா எல்லாரும் என்னையே பாத்தாங்களா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்க எப்படித்தான் அன்னைக்கு நின்னு பேசினீங்களோ."

அவர் அதை மெச்சித்தான் சொன்னார். நான் வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.

அவர் அதற்குப் பிறகு வட்டத்துக்கு வரவில்லை. வந்தது தங்கை. "அவருக்குப் பதிலா நான் வரேன்" என்று ஒரு சனிக்கிழமை வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். மூன்றாவது மாதமே மதாம் அவளைப் பேசச் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு வருஷம் ஆன இடம் அது.

போன மாதம்தான் அவள் பேசினாள். ஒரே நாள் மூன்று பேருடைய நினைவில் மூன்று விதமாக நடக்கும் ஒரு படம். காகிதம் எதுவும் கையில் இல்லை. படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, தேவையான இடத்தில் நிறுத்தி, சிரித்துக்கொண்டே பேசினாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வழக்கம் யார் வீட்டில் எந்த லேப்டாப்பில் ஆரம்பித்தது என்று அவர்களுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு புகைச்சல். அப்போது அவள் ஒரு காட்சியைக் காட்டி, இது காலை நேரம் என்றாள். ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கம் என் கண்ணில் பட்டது. காலை இல்லை, சாயங்காலம்.

கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தூக்கிவிட்டேன்.

"முதல் காட்சியில அதே ஜன்னல் வழியா சூரியன் மறையிறதக் காட்டினாங்க. அது மேற்குப் பக்க ஜன்னல். வெயில் அது வழியா உள்ள வருதுன்னா இது சாயங்காலம்" என்றேன்.

அவள் படத்தைப் பின்னால் ஓட்டினாள். பார்த்தாள். மறுபடியும் முன்னால் ஓட்டிப் பார்த்தாள். "ஆமா, தப்புதான். அப்ப நான் சொன்னதுல பாதி அடிபட்டுப் போச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள். யாருக்கும் எதுவும் குறைந்த மாதிரி இல்லை. என்னால் அப்படிச் சிரித்திருக்க முடியாது. ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் இருந்தது.

திங்கட்கிழமை கம்பெனியில் டீ நேரத்தில் போன் வந்தது. மெஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"ண்ணா, அடுத்த தடவ பேசறதுக்கு முன்னாடி ஒன்கிட்ட ஒரு வாட்டி காமிச்சிடுறேன். ஞாயித்துக்கெழம வரியா?"

"அவரு இருப்பாரா?"

"இருப்பாரு. ஏன்?"

"ஒண்ணும் இல்ல. வரேன்" என்றேன்.